தூணை விடுங்கள், சோபாவைத் திருப்புங்கள்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். கூடவே கணக்கு நோட்டுத் தாளில் ஸ்கேல் வைத்து வரைந்த அறையின் படம். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அளவு சரியாகக் குறித்து வருபவை குறைவு. அதனால் இந்த முறை முழுப் பதிலும் அவருக்கே.

கடிதத்தின் சாரம் இது. அவருக்கு வயது 54. இருபத்து மூன்று வருஷம் கத்தாரில் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் ஊர் திரும்பியிருக்கிறார். வீடு 2009-ல் கட்டியது. முன்வாசல் ரோட்டு மட்டத்தில் இருக்கிறது. பின்னால் நிலம் ரப்பர் விளையாக, அதாவது தோட்டமாக, சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவில் வீட்டுக்கு அடியில் ஒரு கீழறை கிடைத்திருக்கிறது. இதுவரை தேங்காயும் ரப்பர் ஷீட்டும் அடுக்கி வைத்த இடம். அதை ஹோம் தியேட்டராக மாற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அறை கிழக்கு மேற்காக 22 அடி, தெற்கு வடக்காக 12½ அடி. வடகிழக்கு மூலையில் இன்னொரு 7 அடி நீண்டு ‘எல்’ மாதிரி திரும்புகிறது. மேலிருந்து படி இறங்குவது அங்கேதான். தெற்குச் சுவர் ரோட்டுப் பக்கம், மண்ணுக்குள் புதைந்த கருங்கல் கட்டு. வடக்குச் சுவரில் விளையைப் பார்த்து இரண்டு ஜன்னல். கிழக்குச் சுவரிலிருந்து 9 அடியில் குறுக்கே ஒரு பீம் ஓடுகிறது. அதன் அடியில், வடக்குச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி, ஒரு தூண். கூரை உயரம் 8 அடி 4 அங்குலம். பீமுக்கு அடியில் 6 அடி 11 அங்குலம்தான்.

இன்டீரியர் செய்யும் நிறுவனம் ஒன்று 9 லட்சத்து 40 ஆயிரத்துக்குத் திட்டம் கொடுத்து, ஒரு லட்சம் முன்பணமும் வாங்கியிருக்கிறது. கிழக்குச் சுவரில் 150 அங்குலத் திரை, பத்து சாய்வு இருக்கைகள் இரண்டு தட்டாக, 7.1.4 ஸ்பீக்கர், நட்சத்திரம் மின்னும் பொய்க்கூரை, நான்கு சுவரிலும் பிளைவுட் பேனல், அதன்மேல் ஃபோம். தூணை என்ன செய்வது என்று கேட்டதற்குக் கொத்தனார், “வெட்டிட்டு இரும்பு கர்டர் வச்சிரலாம் சார்” என்றிருக்கிறார். வெட்ட முடியாவிட்டால் பீம் வரிசையில் தடுப்பு போட்டுவிடலாமா என்பது வாசகரின் மாற்று யோசனை. மேலே, கீழறைக்கு நேர் உச்சியில், 78 வயது அம்மை படுக்கும் அறை. மேற்கே பத்தடி தள்ளிப் பக்கத்து வீடு. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று படித்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக, மருமகன் ஒரு யோசனை சொல்கிறாராம்: பிறந்தநாளுக்கும் கிரிக்கெட் மேட்சுக்கும் அறையை வாடகைக்கு விட்டால் போட்ட காசை எடுத்துவிடலாம்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஒன்பது பக்கத்தில் நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருப்பது தூணைப் பற்றி. எனக்கோ தூணைவிட அந்தத் தெற்குச் சுவர்தான் பயமாக இருக்கிறது. ஏழாம் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: “தெக்குச் சுவரில் மூணு நாலு வருஷமாக வெள்ளையாகப் பூக்கிறது, தட்டினால் மாவு மாதிரி உதிர்கிறது. பேனல் போட்டால் மறைந்துவிடும் என்று சொன்னார்கள்.” மறையத்தான் செய்யும். மறைவதுதான் ஆபத்து.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

மண்ணில் இருக்கும் ஈரம் கருங்கல் இணைப்புகள் வழியாகச் சுவருக்குள் வருகிறது. வரும்போது சிமெண்டிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் உள்முகத்தில் தண்ணீர் காற்றில் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிப் பூக்கிறது. ஆக, அந்த வெள்ளைப் பொடி உங்களுக்கு ஒரு நல்லது செய்துகொண்டிருக்கிறது: சுவர் மூச்சு விடுகிறது என்று காட்டுகிறது. அதன்மேல் பிளைவுட்டும் ஃபோமும் ஒட்டினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். அது கண்ணில் படுவதற்கு முன் மூக்கில் படும்.

இதை ஏட்டுப் படிப்பாகச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில், மாசி மாதம் காய்ந்து கிடந்த சுவரை நம்பி நானே பேனல் அடித்துக் கொடுத்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஒரு பலகையைக் கழற்றினேன்; பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. கண்ணாடிக் கம்பளி தண்ணீர் குடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. என் கைக்காசைப் போட்டு மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து ஒரு மழைக்காலம் பார்க்காமல் மண் சுவரை மூடுவதில்லை.

நம் மாவட்டத்தில் இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. நமக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழையும் உண்டு, பிறகு வடகிழக்கு மழையும் உண்டு. சுவர் நன்றாகக் காய நமக்குக் கிடைப்பது தை முதல் பங்குனி வரைதான்.

உங்கள் கடிதத்திலேயே காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேறொரு இடத்தில், முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்தது 2019-ல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் பத்து வருஷம் இந்தச் சுவர் பூக்கவில்லை. இன்டர்லாக் பதித்தவர்கள் சரிவை எந்தப் பக்கம் விட்டார்கள்? மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் எங்கே திறக்கிறது? அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். தண்ணீர் வீட்டை நோக்கி ஓடி வந்து சுவரடியில் தேங்கினால் பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்: குழாய் வாயைச் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடுவது, இன்டர்லாக் சரிவை ரோட்டுப் பக்கம் திருப்புவது, சுவரை ஒட்டி ஒரு திறந்த ஓடை. அது போதாவிட்டால் சுவரடியில் பள்ளம் தோண்டி, ஜல்லி நிரப்பி, ஓட்டை போட்ட குழாய் பதித்து, விளையின் சரிவுக்குக் கொண்டு விட வேண்டும். சரிவு நிலம் உங்களுக்கு இதில் உதவி. தண்ணீர் தானாகப் போகும், மோட்டார் வேண்டாம். ஆனால் கருங்கல் கட்டின் அஸ்திவார மட்டத்துக்குக் கீழே ஒரே மூச்சில் நீளமாகத் தோண்ட விடாதீர்கள். துண்டு துண்டாகத் தோண்டி, மூடிவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும்.

உள்பக்கம் பூசும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இதற்கெல்லாம் பிறகுதான். வெளியே தண்ணீர் தேங்க விட்டுவிட்டு உள்ளே பூசுவது, ஓடத்தில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பது மாதிரி.

வருவது மண் ஈரமா, அறைக் காற்றின் ஈரமா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டடி சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாள் எடுத்து, பொடியைத் துடைத்த சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம், நீர்த்துளி இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் துளி இருந்தால் அது அறைக் காற்றில் இருந்த ஈரம், குளிர்ந்த சுவரில் பட்டுப் படிந்தது. இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டும் சேர்ந்த வியாதி. சுவரில் மேலே ஒன்று, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் செய்யுங்கள்.

காற்று ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நம் ஊர்க் காற்று 26 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே வியர்க்க ஆரம்பித்துவிடும். படம் முடிந்ததும் ஏசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டால், வெளிக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரிலும் ஆம்ப்ளிஃபயரின் உலோகத்திலும் படியும். அறையை மூடி வைத்து, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபயர் ஒன்றை ஓட விட்டு, ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை இன்றைக்கே வாங்கி அறையில் மாட்டி, காலையும் மாலையும் குறித்து வையுங்கள்.

தூணும் திரையும்

தூணை வெட்டலாமா என்ற கேள்விக்குப் பதில்: வேண்டாம். அந்தத் தூண் மேல்தளத்தின் பாரத்தையும் அதற்கு மேலுள்ள கூரையின் பாரத்தையும் வாங்கி நிற்கிறது. அதன்மேல் ஓடும் பீமின் கம்பிகள், நடுவில் ஒரு தாங்கல் இருக்கிறது என்ற கணக்கில் போட்டவை. அந்தத் தாங்கலை எடுத்தால் அதே பீம் 12½ அடியையும் ஒரே தாவலில் தாண்ட வேண்டும். தூணுக்கு நேர் மேலே மேல்பக்கம் இருக்க வேண்டிய கம்பிக்குக் கீழ்ப்பக்கம் வேலை வந்துவிடும். இரும்பு கர்டர் வைத்து இதைச் செய்யவே முடியாது என்பதில்லை. அதற்கு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் கணக்குப் போட்டு, முட்டுக் கொடுத்து, இருபக்கமும் புதிய தாங்கல் எழுப்பி, அந்தத் தாங்கலுக்கு அஸ்திவாரமும் போட வேண்டும். அந்தச் செலவில் நல்ல தியேட்டரே கட்டிவிடலாம். கொத்தனார் அனுபவசாலியாக இருக்கலாம். ஆனால் மேலே அம்மை தூங்கும் வீட்டில் “வச்சிரலாம்” என்ற ஒரு சொல்லை நம்பித் தூணில் கை வைக்கக் கூடாது. ஒயர் இழுக்கப் பீமில் துளை போடுவதும் கூடாது.

இப்போது உங்கள் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நான் மேஜையில் அப்படித்தான் செய்தேன்.

அவர்கள் திட்டத்தில் திரை கிழக்கே, ஆட்கள் மேற்கே, நடுவில் தூணும் பீமும். வலது கோடி இருக்கையோ இடது கோடி இருக்கையோ, ஒருவருக்குத் தூண் கட்டாயம் மறைக்கும். புரொஜெக்டரை மேற்கே 18 அடியில், ஏழரை அடி உயரத்தில் தொங்கவிட்டால், திரையின் மேல் விளிம்புக்குப் போகும் ஒளி பாதி வழியில் ஏழடி உயரத்தில் போகும். உங்கள் பீமின் அடிப்பாகம் 6 அடி 11. படத்தின் தலை பீமில் இடிக்கும். இது போதாதென்று, படி இறங்கி வருபவர் ஒவ்வொருவரும் திரைக்குப் பக்கத்தில் வெளிச்சத்தோடு வந்து நிற்பார்.

கிழக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு அக்கினி மூலை என்று வாஸ்து காரணம் எழுதியிருக்கிறீர்கள். நான் அதற்குள் போகவில்லை. ஆம்ப்ளிஃபயர், மின் பெட்டி, யூபிஎஸ் எல்லாவற்றையும் தென்கிழக்கில் ஒரு அலமாரியில் வைத்துவிடலாம், ஈரச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி. நெருப்பு சம்பந்தப்பட்டது எல்லாம் அங்கேதானே இருக்கிறது.

திரையை மேற்குச் சுவருக்கு மாற்றுங்கள். அது மண் தொடாத செங்கல் சுவர், காய்ந்த சுவர். பீம் அங்கிருந்து 13 அடி. அந்த 13 அடிக்குள் திரை, புரொஜெக்டர், இருக்கை மூன்றும் அடங்கிவிடும். தூண் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். படியில் இறங்குபவர் நிஜத் தியேட்டர் மாதிரி பின்னாலிருந்து வருவார். இருக்கையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் இடக்கைப் பக்கம் தெற்குச் சுவர், வலக்கைப் பக்கம் வடக்குச் சுவர், இரண்டும் ஒரே தூரம். கோணலான ‘எல்’ பகுதி பின்னால் ஒதுங்கிவிடுவதால் முன் ஸ்பீக்கர்களின் சத்தம் ஒரு பக்கம் சாயாது.

திரை 150 வேண்டாம். இருக்கையை 10½ அடியில் போட்டால் 110 அங்குலத் திரை போதும் (இந்த அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை). அதன் அகலம் கிட்டத்தட்ட 8 அடி, கண்ணுக்கு 42 டிகிரி அளவுக்கு விரியும். டிஹெச்எக்ஸ் (THX) என்ற படக்காட்சித் தரநிலை வீட்டுத் திரைக்குச் சொல்வது சுமார் 40 டிகிரி. நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். அதே இடத்தில் 150 வைத்தால் 11 அடி அகலம். 12½ அடிச் சுவரில் இரண்டு பக்கமும் முக்கால் அடி மிஞ்சும், ஸ்பீக்கருக்கு இடமில்லை. எட்டடி அகலத்துக்கு, வீசும் விகிதம் (திரைக்குள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தது) 1.3 உள்ள புரொஜெக்டர் 10 அடி 5 அங்குலத்தில் இருந்தால் போதும். அதாவது பீமுக்கு இந்தப் பக்கமே. பீம் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு தட்டு இருக்கை நடக்காது. ஓரடி மேடை போட்டால் பீமுக்கு அடியில் 5 அடி 11தான் மிஞ்சும். மேலே ஏறுபவர் தலை பத்திரம். ஒரே வரிசையில் மூன்று நல்ல சாய்வு இருக்கை போடுங்கள், நடக்க மூன்றரை அடி வழி இருக்கும். அதற்குப் பின்னால் பீமை ஒட்டி, தூணை ஒரு முனையாக வைத்து, நெஞ்சளவு உயரத்தில் ஒரு நீளப் பலகை அடித்து நான்கு உயர ஸ்டூல் போடுங்கள். கிறிஸ்துமஸுக்குச் சொந்தபந்தம் கூடும்போது பெரியவர்கள் இருக்கையில், இளவட்டங்கள் ஸ்டூலில், பிள்ளைகள் முன்னால் பாயில். தூணுக்கு இரண்டு அங்குல ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) சுற்றித் துணி போர்த்திவிட்டால், வேண்டுமென்றே வைத்தது போல நிற்கும்.

பீம் வரிசையில் தடுப்பு போடும் யோசனையையும் விட்டுவிடுங்கள். போட்டால் அறை 13-க்கு 12½ என்று கிட்டத்தட்ட சதுரமாகிவிடும். ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி போகும். அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் அந்த நீளத்தில் தேங்கி நிற்கும் தாழ்ந்த சுரம் கிடைக்கும். 13 அடிக்கு 43 ஹெர்ட்ஸ், 12½ அடிக்கு 45 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வெடிச்சத்தம் வரும்போதெல்லாம் ஒரே சுரத்தில் ‘கும்’ என்று நிற்கும். தடுப்பில்லாமல் 22 அடியும் திறந்து கிடந்தால் நீளத்தின் தேக்கம் 26 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அகலத்தோடு மோதாது. கட்டடக் குறையென்று நீங்கள் நினைக்கும் அந்தப் பின்பக்க இடம்தான் சத்தத்துக்கு மூச்சு.

நட்சத்திரக் கூரை அரை அடியைத் தின்னும். கூரைக்கு மினுக்கமில்லாத கரும்பழுப்புப் பெயிண்ட் போதும். 7.1.4 என்பது பன்னிரண்டு ஸ்பீக்கர். உங்களுக்கு 5.1.2 தாராளம்: முன்னால் மூன்று, பக்கவாட்டில் காதுக்குச் சற்றுப் பின்னால் இரண்டு, தலைக்கு மேலே இரண்டு, தாழ்ந்த சுரத்துக்கென்று ஒரு சப்வூஃபர். மிச்சமாகும் பணத்தை முன் மூன்றில் போடுங்கள். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. “இப்பப் படத்துல பேசுறது ஒண்ணுமே வெளங்கல” என்று அம்மை சொல்கிறார் என எழுதியிருந்தீர்களே, அதற்கு மருந்து அங்கே இருக்கிறது.

ஃபோம் ஒட்டினால் சத்தம் நிற்குமா

நிற்காது. எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இந்தத் தப்பான நம்பிக்கை இருக்கிறது. ஃபோமும் முட்டை அட்டையும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அதிலும் உயர்ந்த சுரங்களை மட்டும். சத்தம் வெளியே போகாமல் தடுப்பது கனமும், இடைவெளியில்லாத அடைப்பும், அதிர்வைத் துண்டிப்பதும்தான். உங்கள் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் ஏற்கெனவே கனமானவை. சத்தம் கசிவது இரண்டு ஜன்னல் வழியாகவும் படிவாசல் வழியாகவும். படியின் அடியில் கனமான முழுமரக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை, அடியில் தானாக இறங்கும் அடைப்பு. ரப்பர் விளைகிற ஊரில் பட்டைக்குப் பஞ்சமில்லை. ஜன்னலுக்கு உள்ளே கழற்றி மாட்டும் கனமான அடைப்புப் பலகை.

கழற்றி மாட்டும் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். இரண்டு ஜன்னலையும் செங்கல் வைத்து அடைக்க அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. அந்த அறைக்கு வெளியேறப் படி ஒன்றுதான் வழி. படிப்பக்கம் தீயோ புகையோ வந்தால் உள்ளே இருக்கும் ஏழு பேர் எங்கே போவார்கள்? ஒரு ஜன்னல் கம்பியைக் கீல் வைத்து, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி மாற்றுங்கள். படத்தில் படிக்குக் கீழே ‘ஸ்பேர் சிலிண்டர்’ என்று ஒரு வட்டம் போட்டிருக்கிறீர்கள். அதை இன்றே மேலே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் கீழறையில் தேங்கி நிற்கும், ஸ்விட்ச் போடும் சின்னப் பொறி போதும்.

மேலே அம்மைக்குப் போகும் சத்தம் வேறு வகை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். ஒரே கல்லில் குடைந்த தூண், விரலால் தட்டினால் கல் முழுக்க அதிர்ந்து பாடும். திடப்பொருளுக்குள் அதிர்வு அவ்வளவு சுலபமாகப் போகும். உங்கள் சப்வூஃபரை நேரே தரையில், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வைத்தால், தூணும் பீமும் அதை அம்மையின் கட்டில் கால் வரை கொண்டு சேர்க்கும். ஆகவே சப்வூஃபர் தூணிலிருந்து தள்ளி, முன்பக்கம், கனமான ரப்பர் திண்டின்மேல். ராத்திரி பத்துக்கு மேல் ஆம்ப்ளிஃபயரில் ‘நைட் மோட்’ போடுங்கள். வெடிச்சத்தம் தாழ்ந்து வசனம் நிற்கும். இவ்வளவு செய்தாலும் தாழ்ந்த சுரம் கொஞ்சம் மேலே போகத்தான் செய்யும். முழுக்க நிற்கும் என்று யாராவது கையெழுத்துப் போட்டுத் தந்தால் நம்பாதீர்கள்.

பக்கத்து வீட்டு விஷயத்தில் சட்டமும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் எல்லை. தனியார் இடத்து ஒலிக்கருவியின் சத்தம் உங்கள் மதிலோரத்தில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. திரை மேற்குச் சுவருக்குப் போவதால் அந்த வீட்டுக்கு ஒரு படி நெருங்குகிறீர்கள். முதல் நாளே சத்தம் வைத்துவிட்டு அவர்கள் வாசலில் போய் நின்று கேட்டுப் பாருங்கள். பொதுத்தேர்வு முடியும் வரை இரவுக் காட்சி வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டால் உறவும் கெடாது.

உள்ளே எதிரொலிக்கு: இருக்கையில் நீங்கள் உட்காருங்கள், ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் இரண்டு அங்குல ராக்வுல் பேனல் வையுங்கள். தெற்குச் சுவரில் மட்டும் ஆணி அடிக்காமல், தரையில் நிற்கும் சட்டமாக, சுவரிலிருந்து நாலு விரல்கடை தள்ளி. தும்பு (தேங்காய் நார்) மெத்தையை வெட்டி உள்ளே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காய்ந்த அறையில் தும்பு நல்ல பொருள்தான், ஊர்ப் பொருளும்கூட. ஈரம் அடங்கிய பிறகு வடக்குப் பக்கம் வைத்துப் பாருங்கள், தெற்கே வேண்டாம்.

மின்சாரத்தில் சுருக்கமாக: சித்திரை, ஐப்பசி இடிகள் நமக்குத் தெரிந்தவை. மின் பெட்டியில் சர்ஜ் தடுப்பான், ஒழுங்கான எர்த், மின்கசிவு வந்தால் தானாக வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஏசிக்குத் தனி லைன். மேல் குளியலறைக் குழாய் கூரையோரம் போகிறதே, படத்தின் அமைதியான கட்டத்தில் யாராவது ஃப்ளஷ் அடிப்பார்கள். ராக்வுல் சுற்றிப் பெட்டி அடியுங்கள், சுத்தம் செய்யும் மூடி திறக்கும்படி.

முன்பணமும் மருமகனும்

ஒரு லட்சம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளில் ரத்து பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சண்டையில் தொடங்க வேண்டாம். மண் சுவரைச் சோதிக்காமல் பேனல் திட்டம் கொடுத்தது, பீம் உயரத்தைக் கணக்கில் எடுக்காதது, இரண்டையும் குறிப்பிட்டு எழுத்தில் திருத்திய திட்டம் கேளுங்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை, அது உங்களுக்குச் சாதகம். திருத்தமும் தராமல் பணமும் தராமல் இழுத்தடித்தால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை. ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள்.

மருமகனின் வாடகை யோசனைக்குத் தலையாட்ட மாட்டேன். காசு வாங்கிப் படம் காட்டினால் அது வீட்டு அறையாக இருக்காது. 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் உரிமம், படத்தின் காப்புரிமை என்று வரிசையாக வரும். ஓடிடி சந்தா சொந்த உபயோகத்துக்குத் தருவது. வீட்டு மின் இணைப்பில் வியாபாரம் செய்வதும் சிக்கல். இவை எல்லாவற்றுக்கும் மேலே, வெளியாட்களைக் கூட்டி வைக்க அந்த ஒற்றைப் படி போதாது.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும்: இந்த வாரம் சிலிண்டர், பாலித்தீன் சோதனை, ஈர மீட்டர். அடுத்து முற்றத்துச் சரிவும் குழாய் வாயும். அதற்கிடையில் கடையில் ஒன்றும் வாங்காதீர்கள்; எலெக்ட்ரானிக்ஸ் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தாலும் கேரண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து சுவர் பூக்காமல் நின்றால் தை மாதம் மின்வேலை, கதவு, பேனல். மேற்குச் சுவரில் மட்டும் இப்போதே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, மூன்று பிளாஸ்டிக் நாற்காலியைப் பத்தரை அடியில் போட்டு உட்கார்ந்து பாருங்கள். அம்மையையும் கீழே கூட்டி வந்து உட்கார வைத்து, கழுத்து வலிக்கிறதா என்று கேளுங்கள். பாலித்தீன் தாளை எடுக்கும்போது இரண்டு பக்கமும் படம் பிடித்து, தேதியோடு எனக்கு அனுப்புங்கள்.